தண்ணீரைக் கொட்ட இடம் தேடிய இன்பராஜ் சார்

எங்கள் திருத்தங்கலில் தண்ணீர் இல்லையே என்று புலம்பாத ஆள் கிடையாது. தண்ணீர் இருக்கிறதே என்று புலம்பிய ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டு இன்பராஜ் சார். அவரைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கவுன்சிலருக்கு நிற்கப் பார்த்தார் என்கிறார்கள், தண்ணீர் லாரி விட்டுச் சம்பாதித்தார் என்கிறார்கள். எல்லாம் சுத்தப் பொய். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து முழுசாகப் பார்த்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வரும்.

சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, தேய்த்த சட்டை, பையில் எப்போதும் பேனா. அவரிடம் மணி கேட்டால் மணி சொல்ல மாட்டார், பூமி சுற்றுவதில் இருந்து ஆரம்பிப்பார். உலகத்தில் எதையும் அவருக்கு விளக்கத் தெரியும். ஆனால் யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. வீட்டில் சீனி தீர்ந்துபோனால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார். கரும்பில் இருந்து சீனி எடுக்கும் முறையை முதலில் இருந்து கடைசி வரை சொல்லுவார். காப்பியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போவார். பின்னாலேயே அவர் மனைவி இசபெல் அக்கா டம்ளரோடு வருவாள். "அருணா, அவரு சீனி கேக்க வந்தாரு. கேட்டிருக்க மாட்டாரே?" என்பாள்.

அக்கா வேறு ரகம். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். அங்கே டாக்டர்கள்கூட அவளைக் கண்டால் கழுவிய கையை இன்னொரு தடவை கழுவுவார்களாம். தேவையானதை நேராகக் கேட்பாள், வேண்டாததை நேராக வேண்டாம் என்பாள். இந்த இரண்டு பேரும் எப்படி இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்று எனக்கு அடிக்கடி ஆச்சரியம் வரும்.

நான் அருணாதேவி. வீட்டு முன்பக்கத்திலேயே பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வெட்டிக் கட்டி அனுப்பும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேச இடம் கிடைப்பதில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன்னால் மழை சுத்தமாக ஏமாற்றியது. தெருவில் ஒரு போரிலும் தண்ணீர் இல்லை. என் போரில் மோட்டார் போட்டால் காற்றுதான் வரும். அந்தச் சமயத்தில்தான் சார் கிளம்பினார். ஒரு கண்ணாடி ஜாடியில் மணல், கரி, சரளை என்று அடுக்கி, கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றி, அடியில் தெளிவாகச் சொட்டுவதை வீடு வீடாகக் காட்டினார். "கூரைத் தண்ணியத் தெருவுல விடாதீக. வாசல்ல ஒரு குழி வெட்டி அதுல விடுங்க. அம்புட்டுத்தான். பூமி வாங்கி வச்சிருந்து நமக்கே திருப்பித் தரும்" என்றார். அவர் தொல்லை தாங்காமல் தெரு முழுக்க எல்லாரும் குழி வெட்டினோம். அவருக்குக் 'குழி சார்' என்று பெயரே விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட "குழி சார் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அப்புறம் அடுத்தடுத்து நல்ல மழை. எங்கள் போர்களில் தண்ணீர் ஏறிவிட்டது. காற்று வந்த குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்கு நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். சாருக்குக் கோயில் கட்டலாம் என்றுகூடத் தெருவில் பேச்சு வந்தது. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் விட்டுவிட்டோம்.

இதில் ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை. எங்கள் தெருவுக்கு அடியில் பாறை இருக்கிறது. அந்தப் பாறை சார் வீட்டுப் பக்கமாகச் சரிந்து போகிறது. நாங்கள் எல்லாரும் எங்கள் குழியில் விட்ட தண்ணீர் பாறை மேலேயே நடந்து, சார் வீட்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பூமிக்குள் விடுகிற தண்ணீர் ஒருநாள் அதிகமாகிவிடும் என்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு எப்படித் தோன்றும்? சாருக்கே தோன்றவில்லை.

அந்த வீடு சாரின் அப்பா கட்டியது. கருங்கல் அஸ்திவாரம், சுண்ணாம்புச் சுவர், சிவப்பு சிமெண்டுத் தரை. கட்டினபோது தெருவை விட உயரமாக இருந்ததாம். அதற்கப்புறம் ரோடு போட்டார்கள். ரோட்டுக்கு மேல் ரோடு, அதற்கு மேல் இன்னொரு ரோடு. பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இப்போது தெருவில் இருந்து அந்த வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். சார் அவர் வாசலில் நின்று பேசினால் நமக்கு அவருடைய வகிடுதான் தெரியும்.

தீபாவளி முடிந்து அடைமழை பிடித்த சமயத்தில் வீடு காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தரை வியர்த்தது. அப்புறம் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. அரிசி மூட்டையின் அடிப்பக்கம் பூசணம் பூத்தது. கக்கூஸில் ஊற்றின தண்ணீர் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே வந்து எட்டிப் பார்த்தது. சார் அசரவில்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது, அவ்வளவுதான் என்று அக்காவுக்கு விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அக்கா அதே தரையில் வழுக்கி விழுந்தாள்.

மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கு நான் பார்க்கப் போயிருந்தேன். என் முன்னால்தான் அக்கா சொன்னாள்.

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. ஈஸ்டருக்குள்ள இந்தத் தரை காயணும். காயலன்னா நான் கோயம்புத்தூருக்கு ஜெபிஷா வீட்டுக்குப் போயிருவேன். விழுந்து இடுப்பை ஒடச்சுக்கிட்டுப் படுக்கையில கெடக்க என்னால முடியாது. அப்புறம் நீங்களும் உங்க தண்ணியும் குடும்பம் நடத்துங்க."

ஜெபிஷா அவர்களுடைய ஒரே மகள். அம்மாவை வந்து இருக்கச் சொல்லி ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சார் அங்கே போய் இருக்க மாட்டார், அப்பா கட்டின வீட்டைப் பூட்ட அவருக்கு மனசு வராது. அக்கா சொன்னதைக் கேட்டு அவர் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தார். "சுண்ணாம்புச் சுவர்ல இருக்கிற நுண்ணிய துளை வழியா..." என்று ஆரம்பித்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அவள் போய்விட்டால் இந்த மனிதர் என்ன செய்வார்? தண்ணீரின் கொதிநிலை தெரியும், வெந்நீர் வைக்கத் தெரியாது.

முதல் வைத்தியம் என்னுடையதுதான். எங்கள் பக்கத்தில் எங்கே ஈரம் கண்டாலும் கை தானாகப் பேப்பர் கழிவுக்குத்தான் போகும். மிஷினில் வெட்டி விழுந்த லேபிள் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுத் தரை முழுக்கப் பரப்பினேன். பேப்பர் தண்ணீரைக் குடித்தது உண்மை. குடித்து, ஊறி, கூழாகி, மறுநாள் தரையோடு அப்பிக்கொண்டது. போதாக்குறைக்குச் சாயம் வேறு இறங்கிவிட்டது. ஹாலில் பச்சை, படுக்கை அறையில் ரோஸ், அடுப்படியில் இரண்டும் கலந்து ஒரு நிறம். அக்கா எனக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினது அந்த ஒரு நாள்தான்.

அடுத்து சார் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு பள்ளம் தோண்டி, அதில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றினால் தரை காயும் என்றார். போர் போடுகிற சங்கிலிமுத்து வந்தார். இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீட்டில் பாதாளம் வரை துளைத்துப் புழுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பின மனிதர். சார் வீட்டில் கடப்பாரையால் முழங்கால் ஆழத்துக்குக் கிண்டினதும் தண்ணீர் வந்துவிட்டது. சங்கிலிமுத்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஓடிப்போய் வண்டியில் இருந்து தேங்காயை எடுத்துவந்து பள்ளத்தின் ஓரத்தில் உடைத்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"சார், கொடுத்து வச்ச மகராசன் நீங்க!" என்றார்.

பின்வாசலில் நின்றிருந்த அக்கா, "அந்தத் தேங்காயை அங்கன போட்டுறாதீக, சட்னிக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளம் தயாரானது, மோட்டாரும் வந்தது. சார் குழாயைத் தெருவில் இருக்கிற வாறுகாலில் கொண்டுபோய் விட்டு ஸ்விட்சைப் போட்டார். எங்கள் தெரு நெடுக வீடுகளுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைதான் வாறுகால். ஓடுகிற என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். வண்டி ஏற்றுவதற்காக ஆளாளுக்கு அதன் மேல் சிமெண்டுச் சரிவு கட்டி வைத்திருக்கிறோம். அடியில் மண் அடைத்து எந்தக் காலமோ ஆகிறது.

நல்ல தண்ணீர் வாறுகாலில் விழுகிற சத்தம் கேட்டதும் தெருவே வெளியே வந்துவிட்டது. முதல் சத்தம் என்னுடையதுதான், மறைப்பானேன்?

"ஏன் சார், ஒரு சொட்டுத் தண்ணி வீணாகக் கூடாதுன்னு எங்க உசிர எடுத்தீக. இப்ப நீங்களே வாறுகால்ல ஓட விடுறீகளே, இது அடுக்குமா?"

"அருணா, இது உபரி நீர்..." என்றார் சார்.

"தண்ணியில என்ன சார் உபரி? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாது!" என்றேன். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்து, சார் போகிற சர்ச் சபை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிரியார் ஐயர், ஆண்டவர் கொடுத்ததை வீணாக்குவது பற்றிப் பிரசங்கம் செய்தாராம். பெயர் சொல்லவில்லை. ஆனால் சர்ச்சில் எல்லாத் தலையும் சார் பக்கம் திரும்பினதாம். இத்தனை அவமானமும் வீண். வாறுகால் அடைத்துக் கிடந்ததால், விட்ட தண்ணீர் கொஞ்ச நேரம் தேங்கி நின்றுவிட்டு சார் வீட்டுக்குள்ளேயே திரும்ப இறங்கிவிட்டது.

கொட்டினால்தானே வைகிறார்கள், கொடுத்தால் வைவார்களா என்று சார் அடுத்த முடிவுக்கு வந்தார். வாசலுக்கு மேலே ஒரு குழாயை நிறுத்தி, 'தண்ணீர் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று அழகான கையெழுத்தில் போர்டு எழுதி மாட்டினார். எங்கள் தெருவில் யாருக்கும் தேவையில்லை, போர் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அடுத்த தெருக்காரர்கள் குடத்தோடு வந்தார்கள், போர்டைப் படித்தார்கள், குடத்தோடு திரும்பிப் போனார்கள். ஓசியில் கொடுக்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று பேச்சு. இந்த வட்டாரத்தில் இலவசமாகத் தண்ணீர் கொடுக்கிறவர் ஒரே ஒரு சமயத்தில்தான் கொடுப்பார்.

அந்தச் சமயம் எது என்று கேட்க நாகையா அண்ணாச்சி நேரிலேயே வந்தார். தெருக்கோடியில் பெரிய வீடு அவருடையது. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு தனக்குத்தான் என்று வேட்டிக்கரை வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தார்.

"சார், மனசு விட்டுச் சொல்லுங்க. எந்தக் கட்சி?"

"கட்சியா? இது நிலத்தடி நீர், அண்ணாச்சி."

"அப்ப சுயேச்சை. சின்னம் குடமா?"

சார் பாறைச் சரிவில் இருந்து ஆரம்பித்து விளக்கினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். போகும்போது என் வாசலில் நின்று, "ஆளு அழுத்தமான ஆளு. வாயில இருந்து ஒண்ணும் வாங்க முடியல" என்றார். மறுநாள் தெருமுனையில் அண்ணாச்சியும் இலவசத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு தட்டு, ஒரு பஞ்சுத் துண்டு, ஒரு செம்பு தண்ணீர் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். பஞ்சைத் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பஞ்சு நிறைந்தால் ஓரத்தில் வழிகிறது, ஓரத்தில் ஒரு வாய்க்கால் இருந்தால் வழிந்தது ஓடிவிடும் என்று காட்டினார். என் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார், என் முகத்தை ஒருதரம் பார்த்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னத்துக்கு வந்தாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சீனிக்கு இல்ல, அது மட்டும் தெரியுது" என்றேன்.

கடைசியில் லாரி பாண்டியால் விடிவு வந்தது. பட்டாசுக் கம்பெனிகளின் தொட்டிகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் தண்ணீர் அடிக்கிறவர் பாண்டி. ஊர் ஊராகப் போய்க் கிணறு தேடி அலைகிறவருக்கு, ஒரு மனிதர் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று வாசலில் நிற்கிறார் என்பதை நம்பவே முடியவில்லை. லாரி ரிவர்ஸில் வந்து நின்றது. அன்றில் இருந்து தினமும் வந்து வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. சார் ஒரு பைசா வாங்கவில்லை. இன்னும் சொன்னால் பாண்டிக்கு டீ வேறு கொடுத்தார்.

வீடு காய்ந்தது. நிஜமாகவே காய்ந்தது. நான் போட்ட சாயம் மட்டும் போகவில்லை. அக்கா கட்டிலில் இருந்து இறங்கினால் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி காயப்போட்டாள். சார் கொஞ்சம் சதை போட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் போரில் மறுபடியும் காற்று வருகிற வரைக்கும்.

அந்தக் காற்றுச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். மறுபடி கேட்டதும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். என் வீட்டில் மட்டும் இல்லை, தெரு முழுக்க அதே கதை. எங்கள் குழியில் நாங்கள் சேர்த்த தண்ணீர் பாண்டியின் லாரியில் ஏறி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தெருப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். சாரிடம் பேசினால் பாடம் நடத்துவார். அதனால் நேராக அடுப்படிக்குப் போய் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, லாரிய நிறுத்தச் சொல்லுங்க. எங்க போர் எல்லாம் வத்திப் போச்சு" என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

"அருணா, லாரி நின்னா தண்ணி ஏறும். ஏறிச்சுன்னா நான் இங்கன இருக்க முடியாது. நீயே சொல்லு. லாரி போகட்டுமா, நான் போகட்டுமா?"

பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். என் பிரசவத்தில் விடிய விடிய என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள். இவளை நான் எப்படிப் போ என்று சொல்லுவேன்? தண்ணீர் இல்லாமலும் எப்படி இருப்பேன்?

"வேற வழியே இல்லையாக்கா?" என்றேன்.

"இருக்கு. வாறுகாலைத் திறந்தாப் போதும். அந்தக் காலத்துல அதை ஆழமாத்தான் கட்டியிருக்காக. மண்ணை அள்ளிட்டா இந்தத் தரையை விட அதோட அடி இறக்கம். தரைக்கு ஏறுற தண்ணி மட்டும் தானா ஓடிரும், கீழ இருக்கிறது உங்க போருக்கு இருக்கும். லாரியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஆனா நீங்க கட்டியிருக்கிற சரிவு எல்லாத்தையும் உடைக்கணும்."

"இது சாருக்குத் தெரியுமா?"

"முத நாளே தெரியும்."

"பெறகு ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொல்லத்தான் பஞ்சும் தட்டும் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தாரு. உன்கிட்டக் கேக்க பயமாம்."

எனக்கு வந்ததே கோபம்! நான் என்ன புலியா, கரடியா? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அதையே கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

அன்றைக்கு மத்தியானமே கடப்பாரையை எடுத்து என் வீட்டுச் சரிவை நானே உடைத்தேன். லோடு ஆட்டோ ஏறி வாசல் வரைக்கும் வருவதற்காகப் போன சீசனில்தான் கனமாகக் கட்டினது. ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது மாதிரி இருந்தது. நான் உடைப்பதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வீடாக உடைக்க ஆரம்பித்தார்கள். நாகையா அண்ணாச்சி மட்டும் முறுக்கிக்கொண்டார், அவர் சரிவில் கிரானைட் பதித்திருந்தார். தேர்தல் ஞாபகம் வந்ததும் அவரும் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ எடுத்தபின் ஆள் வைத்து உடைத்தார்.

சாரைப் பார்க்க வேண்டுமே! ஓர் ஆள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் நின்று, தண்ணீர் நிரப்பின நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்து, தெரு நெடுக ஓடிக்கொண்டே இருந்தார். வாறுகாலின் அடியில் பழைய கல் தளம் வெளிப்பட்டபோது பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தட்டினார். வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, சரளை நிரப்பி, ஒரு குழாயால் வாறுகாலோடு சேர்க்க ஆரம்பித்தார்கள். லாரி நின்றது. பாண்டிதான் பாவம், டீயை நினைத்து இரண்டு மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் லாரி நின்ற கொஞ்ச நாளில் எங்கள் போர் ஏறினது மாதிரியே அவர்கள் தரையும் மறுபடி வியர்த்துவிட்டது. வாய்க்கால் வேலை அப்போது முடியவில்லை, முடிந்தபின்பும் தரை உடனே காயவில்லை. ஈஸ்டர் நெருங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு மத்தியானம் ஜெபிஷாவின் கார் தெருவில் வந்து நின்றது. அக்காவின் பெட்டி வாசலில் இருந்தது. அப்போது பார்த்து, யாரும் எதிர்பார்க்காத கோடை மழை ஊற்ற ஆரம்பித்தது.

தெருவே குடையோடு வெளியே வந்துவிட்டது. தண்ணீர் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எல்லாரும் வாறுகாலையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் குழிகள் நிறைந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சார் வீட்டுக் குழாயில் இருந்து முதலில் கலங்கலாக, அப்புறம் தெளிவாகத் தண்ணீர் வந்தது. வாறுகாலில் விழுந்து, என் வீட்டைத் தாண்டி, அண்ணாச்சி வீட்டைத் தாண்டி, ஓடைப் பக்கம் திரும்பி ஓடியே போய்விட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. தெருவில் எழுந்த சத்தத்தில் அண்ணாச்சி பழக்க தோஷத்தில் கும்பிடு போட்டுவிட்டார்.

சார் நனைந்துகொண்டே அக்காவிடம் ஓடினார். "பாத்தியா இசபெல்? இனி ஓதம் ஏறாது. ஆனா சுவர் முழுசாக் காய இன்னும் ஒரு கோடை ஆகும். ஏன்னா சுண்ணாம்புல..."

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

குடைகள் எல்லாம் ஓர் அடி கிட்ட நகர்ந்தன.

"தரையக் காயவைக்க ஊரையே கூட்டினீக. போர்க்காரரு வந்தாரு, லாரி வந்துச்சு, தெருவையே உடைச்சாச்சு. இம்புட்டு நாள்ல என்னையப் பாத்து, போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

சார் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். பாடம் ஒன்றும் வரவில்லை. எனக்கானால் சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"போகாத, இசபெல்" என்றார். "நீ இல்லாம எனக்கு... போகாத."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்லி ஜெபிஷாவுக்குக் கை காட்டினாள். அப்புறம்தான் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, அருணா வீட்டுச் சரிவு தப்பிச்சிருக்கும்ல?"

மழையோடு மழையாக நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. லோடு ஆட்டோ இப்போதும் என் வாசலில் ஏறுவதில்லை, லேபிள் கட்டுகளைத் தெருவில் நின்றுதான் ஏற்றுகிறோம்.